குடம் எடுக்க ஓர் ஆள்

கூடாரம் போடுவது என் தொழில். ஈப்போவில் புந்தோங் பக்கம் வந்து கெனோப்பி சன்னாசி என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, எல்லாவற்றுக்கும் அதே கூடாரம், அதே சிவப்பு நாற்காலி. சினிமாக்காரர்கள் முதலில் நாற்காலி கேட்டுத்தான் வந்தார்கள். பிறகு சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்றார்கள். அதற்குப் பிறகு கூட்டத்தில் நிற்கத் தமிழ் ஆட்கள் கிடைப்பார்களா என்றார்கள். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்று நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அது ஒரு போர்ப் படம். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கிய நேரம். பயிற்சிகூட முடியாத கேடட் பையன்களை ஓர் ஆற்றுப் பாலத்தைக் காக்க அனுப்புகிறார்கள். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. நடந்த கதையா என்று இயக்குநரிடம் கேட்டேன். இல்லை, உட்கார்ந்து யோசித்து எழுதியது என்றார். சுரையா என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது. குரலை உயர்த்தாமல் நூறு பேரை வேலை வாங்குகிற பெண்ணை நான் அப்போதுதான் பார்த்தேன். கோலா கங்சார் பக்கத்தில் ஆற்றங்கரையில் போன வாரமே சாகவேண்டிய பையன்கள் எல்லாரும் செத்து முடித்துவிட்டார்கள். இனி அவர்களை அடக்கம் செய்கிற வேலைதான் பாக்கி.

செத்த பையன்களில் ஒரே தமிழ்ப் பையன் என் அக்கா மகன் பவித்ரன். நடை போடத் தெரிந்த ஆட்களாக வேண்டும் என்று அவர்கள் தேடியபோது, இவன் பள்ளிக்கூடத்துக் கேடட் படையில் இருந்தவனாயிற்றே என்று நான்தான் கொண்டுபோய் நிறுத்தினேன். பார்த்தவுடனே எடுத்துக்கொண்டார்கள். படத்தில் அவனுக்கு வசனம் மூன்று, சாவு ஒன்று.

இதில் கூத்து என்னவென்றால், படம் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் நிஜப் பட்டாளத்துக்குப் போகிறான். போர்ட்டிக்சனில் பயிற்சி. தீபாவளி அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எழுதிப் போட்டிருக்கிறேன், எப்படியும் எடுத்துவிடுவார்கள் என்று சொன்னான். அவன் அப்பா, என் மச்சான் சீனி, இலையில் கை வைத்தபடியே கேட்டார்.

"யாரக் கேட்டு எழுதிப் போட்ட?"

"யாரக் கேட்டாலும் நீங்க வேணாம்னுதான்ப்பா சொல்வீங்க."

"தெரியுதுல்ல? அப்பறம் என்னா?"

"எனக்குப் போகணும்ப்பா."

மச்சான் எழுந்துவிட்டார். "போ. ஆனா இந்த வீட்டுல ஒனக்கு அப்பன் இல்ல. ஒன்ன தல முழுகிட்டேன்." சொன்னதோடு நிற்கவில்லை. குளியலறைக்குள் போய் நிஜமாகவே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த மனிதர், மத்தியானம் மகனுக்காக இன்னொரு முறை குளித்தார். நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? அப்பன் வீம்பு அப்படியே மகனுக்கும். வீட்டில் எல்லாப் பேச்சும் என் அக்கா காளியம்மா வழியாகத்தான். "வாசல்ல ஹெல்மெட் கெடக்கு, எடுத்து வைக்கச் சொல்லு" என்பார் இவர். பையன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். "எடுத்து வைக்கிறேன்னு சொல்லும்மா" என்பான். நடுவில் அக்கா தபால்காரி மாதிரி நின்றுகொண்டிருப்பாள்.

மச்சானுக்குக் கோபம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். கோபமெல்லாம் இல்லை, பயம். ஒரே பையன். இரும்புக்கடைக்கு லோரி ஓட்டுகிற மனிதர், பயமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் கத்தித் தொலைத்துவிட்டார். கத்திய பிறகு எப்படி இறங்கி வருவது என்றும் தெரியவில்லை. அக்கா போன வாரம் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஞாயித்துக்கெழம பையன் பஸ் ஏறிருவான். அதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கணும் தம்பி. பேசாம போயிட்டான்னா இந்த மனுசன் செத்துருவாரு. ஏதாச்சும் செய்யி." நான் என்ன செய்வேன்? கூடாரம் போடத் தெரியும், மனசைச் சேர்த்துக் கட்டத் தெரியுமா?

அடக்கம் எடுக்கிற நாள் புதன்கிழமை. செமோருக்கு உள்ளே ஆறாங்கட்டைத் தோட்டத்தில். தோட்டம் என்று பேர்தான், வீடு கட்டுகிறவர்கள் வாங்கி வேலி போட்டுவிட்டார்கள். வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்கள் ஒரு துண்டு நின்றது, அதன் ஓரத்தில் செம்மண் பாதை. அந்த இடம்தான் சுரையாவுக்குப் பிடித்திருந்தது. பாடை கட்ட மூங்கிலும் தென்னை ஓலையும் வாழைமரமும் வேண்டுமென்று மச்சானைத்தான் லோரியில் ஏற்றி வரச் சொன்னேன். மகன் படத்தில் சாகிறான் என்பது அவருக்குத் தெரியும். பாடை அவனுக்குத்தான் என்றும் போனிலேயே சொன்னேன்.  "படத்துலதானே" என்று வைத்துவிட்டார்.

காலையில் வந்து மூங்கிலை இறக்கிப் போட்டவர், லோரிப் பக்கமே நின்றுகொண்டார். செமோரில் சாவு வீடுகளுக்குப் போய்ச் சடங்கு செய்கிற ஐயாவு அண்ணனையும் மேளக்காரர்களையும் அழைத்திருந்தேன். ஐயாவு அண்ணன் கேலிப் பேர்வழி. "நெசப் பொணம்னா ஆடாது அசையாது. இது வெத்தலப்பாக்கு கேக்குதுலா" என்று பவித்ரனின் கால் கட்டைவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டினார். காக்கிச் சட்டை, நெஞ்சில் சிவப்புச் சாயம், நெற்றியில் விபூதியும் காசும். பையன் கண்ணை மூடிக்கொண்டு பாடையில் படுத்தான். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நாற்காலியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பாவாக நடிக்க சிவபிரகாசம் என்பவர் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். நல்ல நடிகர். பாடையைப் பார்த்ததுமே கண் கலங்கியது. விழுந்து அழுதார், மண்ணில் புரண்டார், வாய்க்கரிசி போட்டார். கூட்டத்தில் நின்ற புந்தோங் பெண்களே மூக்கைச் சிந்தினார்கள். எல்லாம் நல்லபடியாகப் போனது. அடுத்து ஐயாவு அண்ணன் தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து அவர் தோளில் வைக்கப் போனார். நடிகர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"அண்ணே, கொடம் வேணாண்ணே. வைஃப் மாசமா இருக்கா, ஏழு மாசம். அழுவ சொல்லுங்க, பொரள சொல்லுங்க, செய்யறேன். கொடம் மட்டும் எடுக்க மாட்டேன்."

என்ன விஷயம் என்று சுரையா என்னிடம் மலாயில் கேட்டார். நான் விளக்கினேன். செத்தவரைச் சுற்றித் தண்ணீர்க் குடத்தோடு மூன்று சுற்று வரவேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓர் ஓட்டை போடுவார்கள். கடைசியில் முதுகைக் காட்டி நின்று, குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும். அதோடு உறவு அறுந்தது என்று அர்த்தம். மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் அதைத் தொடக்கூடாது.

"இது நடிப்புதானே, அங்கிள்?" என்றார் சுரையா.

"நடிப்புதான். ஆனால் குடம் நிஜக் குடமாயிற்றே" என்றேன்.

அவர் சண்டை போடவில்லை. தன் அம்மா வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அப்பாவைக் கோழிகூட அறுக்க விடவில்லையாம், பாந்தாங், இந்த மாதிரி விலக்கு, எல்லா வீட்டிலும் உண்டு என்று சொல்லிச் சிரித்தார். நடிகரின் முகம்தான் எடுத்தாகிவிட்டதே, பாடைக்குப் பின்னாலிருந்து முதுகு மட்டும் தெரிகிறமாதிரி எடுத்துக்கொள்ளலாம், அதே உயரத்தில் வேறு ஓர் ஆள் போதும் என்றார். நான் அழைத்து வந்த கூட்டத்தைப் பார்த்துக் குடம் எடுக்க ஆள் வேண்டும் என்று சத்தம் போட்டேன். அவ்வளவு நேரம் கேமராவில் விழ முண்டியடித்தவர்கள் எல்லாரும் மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்கள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்றான் ஒருவன். எனக்கும் அப்படித்தான் என்றான் அடுத்தவன். முருகனுக்கு மாலை போட்டிருக்கிறேன் என்று சட்டைப் பித்தானைக் கழற்றியே காட்டினான் இன்னொருவன்.

எனக்கு எடுக்கத் தடையில்லை. என் அப்பா போய் ரொம்ப வருடமாகிறது. ஆனால் தாய்மாமன் என்று இவனை மடியில் வைத்துக் காது குத்தியவன் நான். அந்தக் கையால் இவனுக்கு எப்படிக் குடம் எடுப்பேன்? மறுபடியும் நாற்காலியை எண்ணத் திரும்பினேன்.

"நான் எடுக்குறேன்."

லோரிப் பக்கத்திலிருந்து மச்சான் வந்துகொண்டிருந்தார். எல்லாருக்கும் கேட்கிறமாதிரிதான் சொன்னார். "தல முழுகுனவனுக்குத்தானே. எடுத்தா என்னா இப்போ?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சேர்த்து வைக்கச் சொல்லி அக்கா அனுப்பினால், இந்த மனிதர் ஊருக்கு முன்னால் அறுத்துவிடப் பார்க்கிறார். "மச்சான், வெளையாடாதீங்க. ஒங்களுக்கு இது வேணாம்" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். பாடையில் படுத்திருந்தவன் கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"எடுக்கட்டும் மாமா. அவருக்கு ஆசையா இருந்தா எடுக்கட்டும்."

இவர் அப்பா, அவன் மகன் என்று சுரையாவிடம் சொன்னேன். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வேண்டாம் என்றால் வேறு வழி யோசிக்கலாம், அவசரமில்லை என்றார். "ஓக்கே லா, ஓக்கே" என்று மச்சான் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டார்.

வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, அவர் குடத்தை ஏற்றியபோது மேளம் ஆரம்பித்தது. மூன்று சுற்று ஒழுங்காக வந்தார். ஐயாவு அண்ணன் ஒவ்வொரு சுற்றுக்கும் அரிவாள் முனையால் குடத்தைக் கொத்தினார். தண்ணீர் மச்சானின் முதுகில் வழிந்தது. தலைமாட்டில் முதுகைக் காட்டி நின்றார். "விடுங்க, திரும்பாம நடங்க" என்றார் ஐயாவு அண்ணன். குடம் விழுந்து உடைந்தது. மச்சான் நாலைந்து அடி நடந்தார். திரும்பிப் பார்த்தார்.

"கட்" என்றார்கள். முகம் கேமராவில் விழுந்துவிட்டது.

"பானை ஒடஞ்சுச்சான்னு பாத்தேன்" என்றார் மச்சான்.

பானை நிறைய வாங்கி வைத்திருந்தேன், அதனால் கவலையில்லை. இரண்டாவது குடம் ஏறியது. மூன்று சுற்று, முதுகு, குடம் விழுந்தது, நடந்தார். இந்த முறை கொஞ்சம் தூரம் போனார்.  மறுபடியும் திரும்பிவிட்டார். யாரோ கூப்பிட்டமாதிரி இருந்ததாம். யார் கூப்பிட்டது என்று ஐயாவு அண்ணன் கேட்டார். மச்சான் அடுத்த குடத்துக்குத் தோளைக் காட்டினார். மூன்றாவது குடத்துக்குக் காரணமே சொல்லவில்லை. திரும்பிப் பார்த்து அப்படியே நின்றார். கேமராக்காரன் தலையைச் சொறிந்தான். ஒப்பனைப் பெண் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

பவித்ரன் அசையவே இல்லை. கண் மூடி, கை இரண்டும் நெஞ்சில் சேர்ந்து, சொன்னது சொன்னபடி கிடந்தான். அவ்வளவு நன்றாகச் செத்துக் கிடந்தான். எனக்கே ஒரு கணம் போய் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கலாமா என்று தோன்றிவிட்டது.

நாலாவது குடம். மச்சான் பாடையைப் பார்த்துக்கொண்டே வந்ததில் குடம் சரிந்து, சுற்று முடிவதற்குள் தண்ணீர் பாதி போய்விட்டது. குடம் விழுந்தது. இந்த முறை அவர் இரண்டடிகூட நடக்கவில்லை. திரும்பினார்.

சுரையா நாற்காலியிலிருந்து எழுந்து அவரிடம் போனார். கோபமில்லை. வீட்டுப் பெரியவரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார். "அங்கிள், திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது உங்கள் வழக்கம்தானே?"

"ஆமாம்மா, வழக்கம்தான். செத்தவங்களுக்கு." மலாயில் ஆரம்பித்தவர் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். "இவன் உசுரோட இருக்கான்லா. நான் எப்பிடி பாக்காம போறது?"

அதை நான் மலாயில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.  சுரையா பின்னால் திரும்பி மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மச்சான் பாடைக்குப் போனார். கால்மாட்டில் குந்தி, கட்டைவிரல் கட்டை அவிழ்க்கப் பார்த்தார். ஐயாவு அண்ணன் போட்ட முடிச்சு, லேசில் வராது. நகத்தால் பிராண்டினார், பல்லால் கடித்து இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. பவித்ரன் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. வீம்பு.

"எந்திரிடா" என்றார் மச்சான்.

தீபாவளிக்குப் பிறகு அவர் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். பையன் கண்ணைத் திறந்தான்.

"கழுத்தெல்லாம் செவ்வெறும்பு ஓடுது. அங்கேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எப்பிடிடா ஆடாம படுத்திருக்க? கடிக்கலயா?"

"கடிக்குதுப்பா."

"அப்பறம்?"

"கேடட்ல சொல்லிக் குடுத்தாங்க. ஆர்டர் வர்ற வரைக்கும் ஆடக்கூடாதுன்னு."

மச்சான் அவனையே பார்த்தார். பிறகு துண்டை எடுத்து அவன் கழுத்தைத் தட்டிவிட்டார், தேவைக்கு மேல் கொஞ்சம் பலமாகவே. "வா" என்று எழுந்து லோரியைப் பார்த்து நடந்தார். காக்கிச் சட்டையும் நெஞ்சில் சிவப்புச் சாயமுமாகப் பையன் பின்னால் போனான். நெற்றிக் காசு கீழே விழுந்தது. ஐயாவு அண்ணன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை எடுத்தால் போதும், ஆனால் அந்த அங்கிளைக் கேட்கமாட்டேன் என்றார் சுரையா. நான் யோசித்தேன். மச்சான் உயரம்தான் நானும். தொப்பை அதிகம், ஆனால் முதுகுப் பக்கம் தொப்பை தெரியாது. பாடையில் பவித்ரன் இல்லையென்றால் குடம் எடுக்க எனக்கு என்ன? லோரியில் வந்த வாழைமரத்தில் ஓர் ஆள் நீளத்துக்குத் தண்டை வெட்டிப் பாடையில் கிடத்தி, மேலே வெள்ளைத் துணி போர்த்தச் சொன்னேன். உடம்பு கிடைக்காதவர்களுக்கு அப்படிச் செய்வது உண்டு என்று ஐயாவு அண்ணனும் ஒத்துக்கொண்டார். சுரையாவுக்கு ரொம்பத் திருப்தி. முகத்தை மூடினால் யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம், இதுவே நல்லது என்றார்.

அப்படித்தான் நான் வேட்டி கட்டினேன். குடம் ஏறியது. மேளம் இல்லை, சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கொள்வார்களாம். வாழைத்தண்டைச் சுற்றி மூன்று சுற்று வந்து, முதுகைக் காட்டி நின்று, குடத்தை விட்டேன். உடைந்த சத்தம் கேட்டது. நேராக நடந்தேன். திரும்பிப் பார்க்க எனக்கு அங்கே யாரும் இல்லை.

பாதைக்கு இடப்பக்கம், கேமராவுக்கு எட்டாத இடத்தில் லோரி நின்றது. பின்கதவைத் திறந்துபோட்டு இருவரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பையன் முகத்து விபூதியைத் துடைத்துக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தார். தீபாவளியிலிருந்து சேர்த்து வைத்த திட்டு, சீக்கிரம் தீருமா?

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?"

"காலைல பஸ்சுப்பா. அமான்ஜெயா பஸ்ஸ்டாண்டுல."

"பஸ்லாம் வேணாம். நான் கொண்டு விடுறேன்."

"லோரியிலயா? போர்ட்டிக்சனுக்கா?"

"ஏன், லோரி போர்ட்டிக்சனுக்குப் போவாதா? ஒங்கம்மாவும் வருவா." துண்டைப் பிழிந்து மறுபடியும் நெற்றியைத் தேய்த்தார். "போன் அடிக்கணும். சாப்பாடு நல்லால்லன்னாலும் சாப்புடணும். பெரிய வீரன்னு எல்லாருக்கும் முன்னால ஓடாத. சுட்டாங்கன்னா குனிஞ்சுக்க. கேக்குதா?"

"கேக்குதுப்பா."

நான் அவர்களுக்கு நேராக வந்துவிட்டிருந்தேன். இன்னும் யாரும் கட் சொல்லவில்லை, நிற்க முடியாது. கண் நிறைந்து பாதை சரியாகத் தெரியவில்லை.

"நீ வந்துரணும்டா" என்றார் மச்சான். "எனக்குக் கொடம் எடுக்க ஒன்ன விட்டா யாரு இருக்கா?"

 பையன் அப்பாவின் ஈரத் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.